அறுபதுக்குக் கீழே

என் மகளுக்கு எட்டு வயது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். வீட்டுக்குள் ஈரப்பதம் அறுபதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்கிறார். எண்ணூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் வீட்டுக் கழிவுக்குழாய் உடைந்து, அவள் படுக்கும் சுவர் வழியாகக் கசிகிறது. ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையத்து நிலக்கரித் தூள், மூடினால் பூஞ்சை. எதைத்தான் செய்வது?

உள்ளங்கை அகலத்தில் ஓர் ஈரப்பத மீட்டர் வாங்கி அலமாரியில் வைத்தேன். தினமும் காலையில் அது காட்டுவதைக் காலண்டரில் எழுதினேன். எண்பத்து நான்கு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று. அந்தக் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு குடியிருப்பு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். குழாயை மாற்றுவதற்கு முன் நேரில் பார்க்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்றார்கள்.

அங்கேதான் கோட்டை விட்டேன். வெளியாள் வருகிறார் என்றால் எங்கள் பக்கம் யாரும் வீட்டைப் போட்டது போட்டபடி விடமாட்டோம். "வர்றவங்க இன்னா நெனப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை நானே பூஞ்சையைச் சுரண்டி வெள்ளை அடித்தேன். செவ்வாய் காலையில் மனைவி எல்லா ஜன்னல்களையும் திறந்து ஃபேனைப் போட்டாள். போதாததற்கு மேற்கிலிருந்து வறண்ட காற்று வேறு.

பகல் பன்னிரண்டு மணிக்கு வந்த அதிகாரி மீட்டரைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு.

"சுவர் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு மனு போட்டீங்க?"

காலண்டரை நீட்டினேன்.

"இது நீங்களே எழுதினதுதானே?"

நாங்கள் வாங்கி வைத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு, குறை ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பாதிக் கோபம் அந்த ஆள் மேல், பாதி என் மேலேயே.

நான்கே நாளில் வெள்ளைக்கு மேல் கருப்புப் படர்ந்தது. மகளுக்கு இழுப்பு அதிகமானது. திரும்பவும் மனு, திரும்பவும் நடை. நேற்று அதே அதிகாரி வருவதாக இருந்தது. யாராவது சுவரைத் தொட்டால், ஜன்னலைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தம் போட்டிருந்தேன். மீட்டர் எண்பத்தொன்பதில் நின்றது.

மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டது. திரும்பினால், மகள் கட்டிலில் ஏறி நின்று, நெஞ்சு விசிலடிக்க, ஈரத்துணியால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிடுங்கினேன்.

"உட்டுடும்மா! அப்டியே கெடக்கட்டும்!"

அவள் என்னை மிரண்டு பார்த்தாள்.

"வர்றவங்க இன்னா நெனப்பாங்க, நைனா?"