கவர் ஒட்டிய நாள்

என் தங்கைக்கு முப்பத்தாறு வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவள். அண்ணாமலை நகரில் ஒரு பயிற்சி மையத்துக்குக் காலையில் போய், மாலை நான்கு மணிக்குத் தனியாக நடந்து வீடு திரும்புவாள். எட்டு நிமிட நடை. அந்த வழியில்தான் ஒருவன் அவள் காதிலிருந்த தோடுகளைக் கழற்றிக்கொண்டு போனான். சாவதற்கு முன் அம்மா தன் கையால் திருகிவிட்ட தோடுகள் அவை.

நான் அதைக் கண்டுபிடித்தது ஒரு புதன்கிழமை. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இருக்கிறது: "மாலை 6.50. இரு காதிலும் தோடு இல்லை. இடது காதில் கீறல். கேட்டால் அழுகிறாள்." முப்பது வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன். எது எந்த நாளில் நடந்தது என்பதில் என்னோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

மறுநாள் கடலூர் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

"எவனாச்சும் கறுப்பு வண்டியில வந்தானாம்மா?" என்று ரைட்டர் அவளைக் கேட்டார்.

"ஆமா."

"சேப்பு வண்டியா?"

"ஆமா."

அவர் பேனாவை மூடினார். "என்னா சார் இது, ஆனையில வந்தானான்னு கேட்டாலும் ஆமாங்கும் போலகீது." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

கிழமையையும் நேரத்தையும் நானே சொன்னேன். புதன், மாலை நான்கு. மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். தெருமுனை மளிகைக் கடையில் கேமரா இருக்கிறது. பதிவு பத்து நாள்தான் நிற்கும், பிறகு தானாக அழிந்துவிடும் என்றார்கள். திங்களன்று கான்ஸ்டபிள் போன் செய்தார். "புதன்கிழமை பாத்துட்டேன் சார். அந்தப் பொண்ணு தனியாத்தான் போவுது. எங்கனா தொலைச்சிருக்கும்." தொலைந்த பொருள் என்று எழுதி முடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அப்புறம் அவன் அதே தெருவில் நிற்பான், இவள் அதே தெருவில் நடப்பாள்.

அதனால் ஒரு தாளில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்று இரண்டு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து.

மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டு, புதனன்று நானும் விடுப்பு எடுத்து அவளையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மாலை நான்கு மணிக்கு ஒரு பெண் எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார். சாதாரணச் சுடிதார். கூடவே மையத்தின் டீச்சர். "இவுங்கள ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதே தப்பு சார். நாங்கதான் வீட்டுக்கு வரணும்" என்றார்.

என் தங்கை எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். "புதன்கிழமை மாலை நான்கு மணி அளவில் நான் வீட்டிற்கு வந்துகொண்டிருந்தபோது..."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "மணி அளவில்! எங்க ரைட்டரே வாயால இப்படிப் பேச மாட்டாரு. நீங்க எழுதிக் குடுத்ததா?"

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"கோர்ட்டுல எதிர் வக்கீல் ஒரே கேள்வியில கிழிச்சிடுவாரு சார். கொஞ்சம் வெளிய இருங்க."

நான் எழுந்ததும் தங்கை அலறினாள். என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது. "அண்ணனப் புடிச்சிக்கினு போவாத! நான் சொல்ல மாட்டேன்! சொல்ல மாட்டேன்!"

எஸ்.ஐ. அவசரப்படவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டார். அழுகை அடங்கும்வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு, "அண்ணன் எங்கயும் போவல. தோ, வாசல்ல ஸ்கூட்டர்மேல குந்தியிருப்பாரு. ஜன்னல் வழியா நீ பாத்துக்கினே இரு. நாம பேசுறது அவருக்குக் கேக்காது" என்றார்.

வீட்டுக்கு முதுகைக் காட்டி ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். 4.15. உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்தேன். மிக்ஸி விளம்பர ஆட்டோ ஒன்று தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ? 4.40. டீச்சர் சிரித்தார். எதற்குச் சிரிப்பு? திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எஸ்.ஐ. சொல்லியிருந்ததால் திரும்பவில்லை. என் முதுகு மட்டுமாவது அவளுக்குத் தெரிகிறதா என்று தெரியாமல் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

5.05க்கு எஸ்.ஐ. வெளியே வந்தார். "சொன்னா போலீசு உங்கண்ணனக் கொண்டு போயிடும்னு மெரட்டியிருக்கான். இவுங்க கையில பசை இருந்திருக்கு. காதுலயும் ஒட்டிக்கினு இருக்கு, தொடச்சி வுடுறேன்னு சொல்லிக் கழட்டியிருக்கான்."

"மையத்துல கவர் ஒட்டுற பசைங்க" என்றார் டீச்சர். "அது திங்கக்கிழமை மட்டும்தான். புதன்கிழமைன்னா மெழுகுவத்தி செய்வாங்க."

"புதன்னு நீங்க எப்படி சார் சொன்னீங்க?" என்றார் எஸ்.ஐ.

"டைரியில இருக்கு மேடம்."

"நீங்க பாத்தது புதன். நடந்தது?"

அந்தப் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய் இரண்டு இரவும் அவளுக்குத் தட்டு வைத்துப் பரிமாறியது நான்தான். முடியை முன்னால் இழுத்துவிட்டுக் காதை மூடியிருந்திருக்கிறாள். நான் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

எஸ்.ஐ. விரல்விட்டு எண்ணினார். அந்தத் திங்களிலிருந்து இன்று பத்தாவது நாள், பதிவு அழியும் நாள். உடனே கான்ஸ்டபிளுக்குப் போன் போட்டார். கடைக்காரர் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், கேமரா பெட்டியின் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும், போனை எடுக்கவில்லை. ஆறு மணிக்கும் எடுக்கவில்லை. ஆறரைக்கும் இல்லை. எஸ்.ஐ. கடைக்கே போய் நின்றார். எனக்கு இங்கே அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தோன்றவில்லை.

7.25க்கு எஸ்.ஐ.யிடமிருந்து அழைப்பு வந்தது. "கடைக்காரரு போன எடுத்துட்டாரு, கெடச்சிடுச்சி சார். திங்கக்கிழமை நாலு மணி ஆறு நிமிசம். காதுல கை வைக்கிறதே தெரியுது. வண்டி நம்பரும் இருக்கு. காப்பி எடுத்தாச்சி. உங்க தங்கச்சிதான் சார் சரியாச் சொல்லியிருக்காங்க."

நாட்குறிப்பை எடுத்து அந்தத் திங்கட்கிழமையைப் புரட்டினேன். "பேருந்து பதினெட்டு நிமிடம் தாமதம். புதுச்சத்திரம் அருகே சாலை வேலை. இரவு இட்லி. வேறு விசேஷம் இல்லை."

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போலீசு உன்ன இட்டுக்கினு போவலல்ல?"

"போவல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் போவாது."

பிறகு முடியை ஒதுக்கி, மருந்து போடச் சொல்லி இடது காதைக் காட்டினாள்.