அசையாதீங்க அக்காவின் காலைத் தாள்

அந்த ஆஸ்பத்திரியில் ஈசிஜி அறை எங்கே என்று கேட்டால், "அசையாதீங்க அக்கா ரூமா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். படுக்கையில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். பெரிய டாக்டரே வந்து படுத்தபோதும் அதட்டலாகத்தான் சொன்னாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு, வயர்களைத் தனக்கே மாட்டி, தன் இதயத்தை ஒரு தாளில் எடுத்துப் பார்ப்பாள். மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதிலேயே பொத்தான் இருக்கிறது. "தனக்குத் தானே சாட்சி சொன்னா செல்லுமா?" என்பாள். நர்ஸுகள் சிரிப்பார்கள். இப்படி நாலு பிடிவாதக்காரர்கள் இருப்பதால்தான் நாமெல்லாம் பிழைத்துக் கிடக்கிறோம்.

அவளுடைய அண்ணன் பஸ் டிரைவர், ஒல்லிப்பிச்சான். பிபிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். தலைவலிகூட வராதவனுக்கு மாத்திரை எதற்கு என்று அவனாகவே நிறுத்திவிட்டான். "பிபி எல்லாம் குண்டா இருக்கறவங்களுக்கும்மா." சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தாள்.

"அசையாதண்ணே."

தாள் வந்தது. மார்பில் மாட்டிய வயர்களின் கோடுகள் கன்னாபின்னாவென்று உயர்ந்து மேல் வரிசையில் போய் இடித்தன. மிஷினில் யாராவது அளவைக் கூட்டி வைத்துவிட்டார்களோ? இல்லை. வயரை இடம் மாற்றி மாட்டிவிட்டோமோ? கழற்றி மறுபடி மாட்டினாள். அதே உயரம்.

"எழுந்திருண்ணே."

திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அவளே படுத்தாள். வயர்களை மாட்டிக்கொண்டு, "அந்தப் பச்சைப் பொத்தான அமுக்கு," என்றாள். மிஷினை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவள், இன்றைக்கு அது கெட்டுப்போயிருக்கட்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள்.

"எப்படிண்ணே வந்திருக்கு? ஒசரமா இருக்கா?"

"இல்லம்மா. உன்னோடது குட்டையாத்தான் இருக்கு."

திரைக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. வெளியே நின்றவன் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தான். "அழாத. இன்னிக்கே மாத்திரை போடறேன்," என்றான்.

டாக்டர் ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். ரத்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டி இதயத்தின் சுவர் தடித்திருந்தது; கோடுகள் உயர்ந்தது அதனால்தான். "நல்லவேளை, சீக்கிரமே கண்ணுல பட்டுச்சு. மாத்திரைய மட்டும் விடாதீங்க," என்றார். அண்ணன் விடவில்லை.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு எடுத்தபோது கோடுகள் கொஞ்சம் இறங்கியிருந்தன. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். அவள் அன்று காலை எடுத்த தன் தாளை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத் திரையை இழுத்தாள். கெட்ட செய்தியைச் சோதித்தவள் நல்ல செய்தியை மட்டும் சும்மா விடுவாளா?

"அமுக்குண்ணே. காலைல எடுத்த மாதிரியே வருதா பாரு."

அமுக்கினான். புதுத் தாளில் கோடு நடுநடுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அதே உயரந்தாம்மா," என்றான் அண்ணன். "நீ கொஞ்சம் அசையாம இரு."