விழுந்திட்டுதாம்

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். பக்கத்து மேசையில் சில இளைஞர்கள் ஒரு கைத்தொலைபேசிக்குள் தலையைப் புதைத்து ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வடையைப் பிய்த்து உள்ளே மிளகாய் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். எதையும் பிரித்துப் பார்க்காமல் வாயில் வைக்க எனக்கு வராது. திடீரென்று ஒருவன் மேசையில் அடித்து, "விழுந்திட்டுது!" என்று கத்தினான்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. வடையும் கையுமாகத் தெருவில் நின்றேன்.

"அண்ணை, தேத்தண்ணி ஆறுது" என்றார் கடைக்காரர். திரும்பி வந்து இருந்துகொண்டு, வெட்கத்தை மறைக்க, "ஆர் தம்பி விளையாடுறது?" என்று கேட்டேன்.

"தமிழ்நாடு. ரஞ்சிக் கிண்ணம்."

தமிழ்நாடு என்றால் உங்களுக்குக் கோயில், சினிமா என்று ஏதாவது நினைவு வரலாம். எனக்குச் சைக்கிள் சங்கிலிக்குப் போட்ட தேங்காயெண்ணெய் மணக்கும். காரணம் இருக்கிறது. நாங்கள் கண்டாவளையில் இருந்த யுத்த காலத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியை இராணுவம் வன்னிக்குள் வரவே விடாது. வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தை வயர் வழியாக வானொலிக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் மிதி சுற்றுகிற உத்தியோகம் என்னுடையது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன உத்தியோகம் தருவார்கள்? படிப்பை ஏன் விட்டேன் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு மேலால் விமானம் போகிறதென்று ஒரு பயம். விமானம் வீட்டுக்கு மேலாலும் போகும் என்பது பிறகுதான் உறைத்தது.

வானொலி அத்தானுடையது. அக்காவின் புருசன். தமிழ்நாட்டு அணியில் ஒருவரையும் அவர் முகம் பார்த்ததில்லை. ஆனால் மழைக்காலம் தொடங்கி ரஞ்சி ஆட்டங்களும் தொடங்கிவிட்டால், கடல் தாண்டி வரும் அந்தத் தமிழ் வர்ணனைக்குக் காதைக் கொடுத்துவிட்டு இருப்பார்.

"ஏன் அத்தான் இந்த ரீம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்களுக்கெண்டு ஒரு ரீம் இல்லை மச்சான். இவங்கட ஆட்டத்தையெண்டாலும் தமிழில சொல்லுறாங்கள்."

நான் ஒரு காதை வானொலிக்கும் மற்றக் காதை வானத்துக்கும் வைத்துக்கொண்டுதான் சுற்றுவேன். தூரத்தில் ஏதாவது இரைந்தால், குண்டு போடும் கிபிர் விமானமோ என்று கை தானாக நின்றுவிடும். வர்ணனையும் செத்துவிடும்.

"உழக்கடா! பந்து போட்டிட்டான்!"

"கிபிர் மாதிரிக் கிடக்கு அத்தான்."

"அது முன்வீட்டு ரக்ரர். உழக்கு!"

அந்த மாரியில் அக்காவுக்கு நிறைமாதம். முன்பு இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போனது. இந்த முறை மருத்துவிச்சியம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, "நடந்தாலும் பறவாயில்லை பிள்ளை, ரக்ரர் பெட்டியில மட்டும் ஏறிப்போடாதை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தா. ஓட வேண்டி வந்தால் எல்லோரும் ஏறுகிற வாகனம், உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடும் அந்தப் பெட்டிதான். ஆகவே அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே வேண்டுதல், பிள்ளை பிறக்கும்வரை ஓட வேண்டி வரக்கூடாது என்பது.

அன்று நல்ல மழை. கொட்டிலுக்குள் தறப்பாளைக் கட்டிக்கொண்டு நானும் அத்தானும் சைக்கிளும். "அங்க வெயிலாம், பார்" என்று அத்தான் சந்தோசப்பட்டார். தமிழ்நாட்டுக்காக ஒருவன் நின்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தான். அவன் நிற்கும்வரை பயமில்லை என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவன் போய்விட்டான். அத்தான் இரண்டு கையாலும் தலையில் அடித்து, தறப்பாள் கிழியக் குழறினார்: "ஐயோ விழுந்திட்டுதடா! எல்லாம் முடிஞ்சுது!"

வேலிக்கு அங்கால் திரேசக்கா இருந்தா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீனவக் குடும்பம். அத்தான் எப்போதும் செய்தி கேட்கிறார் என்றுதான் அவவுக்கு எண்ணம். எங்கள் நாட்டில் அப்போது விழுகிறதென்றால் இராணுவத்திடம் ஊர்தான் விழும். அவ முன்வீட்டைப் பார்த்து, "விழுந்திட்டுதாம்!" என்று கத்தியிருக்கிறா. அந்த ஓர் 'ஆம்' போதும். எது விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பயந்துகொண்டிருந்த ஊர் விழுந்தது.

எங்களுக்கு மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இடைவேளை வந்து வெளியே வந்தால் முற்றம் வெறுமை. அடுப்பில் புகை, பானை இல்லை. கொடியில் உடுப்பு இல்லை. "அக்கா!" என்றேன். பதுங்குகுழிக்குள் எட்டிப் பார்த்தேன், தண்ணீர்தான் நின்றது. முன்வீட்டு வாசலில் உழவு இயந்திரத்தின் சில்லுத் தடம், அதற்குள் மழை நிரம்பிக்கொண்டிருந்தது.

"ஓடிட்டினம் அத்தான். விழுந்திட்டுது!"

"எது?"

"எதெண்டாலும் விழுந்திட்டுது!"

அத்தான் அந்தச் சில்லுத் தடத்தைப் பார்த்தார். "அவளைப் பெட்டியில ஏத்திப் போட்டினமோ?" என்றார். சைக்கிளை நிமிர்த்தினார். வயரைக் கழற்ற நேரமில்லை. வானொலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மிதித்தார். நான் பின் காரியரில். டைனமோ சில்லில் உரசியபடியே இருந்ததால், நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, அவர் நெஞ்சிலிருந்து வர்ணனையும் வந்துகொண்டிருந்தது. வேகம் கூடக்கூடத் தெளிவாகக் கேட்டது. "நிப்பாட்டுங்கோ அத்தான், கிபிர் வந்தால் கேக்காது" என்று நான் அழுதேன். எப்படி நிற்பாட்டுவது? மிதிப்பதை நிறுத்தினால்தானே அது நிற்கும்.

விசுவமடுப் பக்கம் ஒரு பெரியவர் மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஐயா, எது விழுந்தது?"

"பளையெண்டுகினம். பரந்தனெண்டும் கதைக்கினம்."

"ஆர் சொன்னது?"

"கண்டாவளையில ஆரோ ஒருத்தர் றேடியோவில கேட்டுட்டு, எல்லாம் முடிஞ்சுதெண்டு குழறினவராம்."

சொல்லிவிட்டு அவர் அத்தானின் கழுத்தைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளம் பள்ளமான அந்தத் தெருவில் அக்கா பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டு முன்னே போயிருக்கிறாள்.

ஒரு பள்ளிக்கூடத்தடியில் அக்காவைக் கண்டோம். மரத்தின் கீழே நனைந்த சாக்கில் இருந்தாள், இரண்டு கையும் வயிற்றில். திரேசக்கா தலைக்கு மேல் பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"ஏறினதிலையிருந்து அசையுதில்லை" என்றாள் அக்கா.

அத்தான் சேற்றில் முழங்காலில் இருந்தார். "விக்கெற் அப்பா. விழுந்தது விக்கெற்" என்றார். அக்காவுக்கு விளங்கவில்லை. திரேசக்காவுக்கு விளங்கியது.

"விக்கெற்றோ? ஆண்டவரே! நான் கொதிக்கிற சோத்துப் பானையோட ஓடியந்தனான்! ஆம்பிளையள் பின்னால வருவினமெண்டு இவளையும் இழுத்து ஏத்தினனான்! மனுசர் குழறுற குழறலோ அது?"

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். நாங்கள் மூன்று பேரும் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். மழை விட்டது. சனம் ஊர் திரும்ப வெளிக்கிட்டது. நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு முடித்து, திரேசக்காவின் அந்தோனியாரிடமும் போய்விட்டேன். அப்போது அக்கா அத்தானின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"உதைக்குது" என்றாள். பிறகு, "இனி உந்தத் தமிழ்நாட்டை வீட்டுக்குள்ள கொண்டுவராதேங்கோ."

நடந்துதான் திரும்பினோம். அதன்பிறகு ஊரில் யார் கிரிக்கெட் கதைத்தாலும் "அவுட்" என்றுதான் சொல்ல வேண்டும். திரேசக்கா போட்ட சட்டம். பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தது.

கொஞ்ச நாளில் உண்மையாகவே விழுந்தது. அன்று யாரும் கத்தவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுச் சாமான் ஏற்றத் தொடங்கினோம். அத்தான் அக்காவையும் பிள்ளையையும் பெட்டியில் ஏற்றி, என்னையும் ஏறச் சொன்னார். "கூரைத் தகரத்தைக் கழட்டிக்கொண்டு பின்னால வாறன். நீங்கள் போங்கோ." நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தடியிலேயே அவருக்காக நின்று பார்த்தோம், செல் குண்டு கிட்ட வந்து விழும்வரை. பிறகு அடுத்த இடம், அதற்கடுத்த இடம். ஒவ்வொன்றிலும் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தோம்.

இப்போது அந்தத் தெருவில் பள்ளம் இல்லை. டைனமோ பூட்டிய சைக்கிளும் இல்லை. திரேசக்கா குடும்பம் எங்கே என்று தெரியாது. அந்த மாரியில் பிறந்த மருமகள் வளர்ந்துவிட்டாள். "அப்பா எப்பிடி இருப்பார்?" என்று கேட்டால், அக்கா எப்போதும் இந்த ஒரு கதையைத்தான் சொல்லுவாள், வானொலியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவர் வந்த கோலத்தை நடித்தே காட்டுவாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். வேறு கதை சொல்லேன் என்று நான் அக்காவிடம் கேட்டதில்லை. இதில்தான் அவர் பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறார்.