அழிக்க வேண்டிய பதிவுகள்

சின்ன ஒலிப்பதிவுக் கருவியை என் தோழி எப்போதும் தரையில்தான் வைப்பாள். பேசுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பேசக் கூடாதாம். வைத்ததும் சொல்வது, "இதுல இருக்கறது எங்க டீமுக்கு மட்டுந்தாம்மா. வேலை முடிஞ்சதும் அழிச்சுடுவோம்." அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் திரும்பி வரவில்லை.

வைட்ஃபீல்ட் அலுவலகத்தில், அடுத்து எந்தச் செயலியைச் செய்வது என்று கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் வீட்டுக்குப் போய் அவர்கள் படும் பாட்டைக் கேட்டுவரும் வேலை அவளுக்கு. இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவள் கட்சி. எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவர அனுப்பினால் அவளுக்குக் கோபம் வரும். "தாலி கட்டிட்டு ஜாதகம் பாக்கச் சொல்றீங்க" என்று மேலதிகாரியிடமே சொன்னவள். என்னையும் விட்டுவைக்கவில்லை. முதல் சந்திப்புக்கு என்னை வீட்டுக்குள் சேர்க்கவே மாட்டாள். நான் வந்தால் என் யோசனையை விற்க ஆரம்பித்துவிடுவேனாம். உண்மைதான், எனக்கு வாய் சும்மா இருக்காது.

படுக்கையில் இருப்பவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றைச் செய்யலாம் என்று நான் துள்ளிக்கொண்டிருந்த சமயம். நீலசந்திராவில் ஒரு மாடி வீட்டுக்கு அவள் போனாள். நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். இறங்கி வந்தவள், நேரத்தை அங்கே யாரும் மறப்பதில்லை என்றாள். அந்த வீட்டு அம்மா வேலைக்குக் கிளம்பும்போதுதான் மருமகள் வேலை முடிந்து வருவாள். மாத்திரையை மற்றவர் கொடுத்தாரா என்று இருவருக்குமே தெரியாது. படுக்கையில் இருந்த பெரியவருக்கு ஒருநாள் இரண்டு தடவை, இன்னொரு நாள் ஒன்றுமே இல்லை. நேற்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு இவள் பேசாமல் இருந்ததில் வெளிவந்த விஷயம் இது. என் யோசனை அந்தப் படிக்கட்டிலேயே உயிரை விட்டது. கடைசியில் நாங்கள் செய்தது, கொடுத்தாயிற்று என்று ஒருவர் தொட்டால் இன்னொருவர் போனில் தெரிகிற ஒரே ஒரு பொத்தான்.

செயலி வெளிவந்துவிட்டது. இனி பதிவுகளை அழிக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அவள் குரல் என்னிடம் வேறெங்கும் இல்லை. போனில்கூட எதையும் தட்டச்சு செய்துதான் அனுப்புவாள். ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் கேட்க உட்கார்ந்தேன். தன் வேலையில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி. மணிக்கணக்கில் யார் யாரோ பேசுகிறார்கள். அவள் "ம்" என்கிறாள், "அப்புறம்?" என்கிறாள், அவ்வளவுதான். ஊரையெல்லாம் பேசவிட்டுவிட்டு எனக்கு ஒன்றும் வைக்காமல் போய்விட்டாளே என்று உட்கார்ந்து அழுதேன்.

நீலசந்திரா பதிவில், கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா கேட்கிறார், "ஊட்டா ஆச்சாம்மா உனக்கு?"

"இன்னும் சாப்பிடலம்மா. கீழ என் ஃப்ரெண்டு நிக்கிறா. பசி தாங்க மாட்டா, ஆனா நான் வராம சாப்பிடவும் மாட்டா." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அவள் சிரிப்போடு அந்த அம்மாவின் சிரிப்பும் கலந்திருந்தது. அவருக்குத்தான் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அழித்துவிட்டேன்.

நீலசந்திராவுக்குப் போன அன்று மத்தியானம் நாங்கள் எங்கே போய் என்ன சாப்பிட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.