பயம் வந்தால் பாட்டு

என் அம்மா பயப்படாத பொருள் உலகத்தில் ஒன்றிரண்டுதான் இருந்திருக்கும். பல்லி, இடி, தெரு நாய், கேஸ் சிலிண்டர், லிஃப்ட், போனில் வரும் தெரியாத நம்பர், எல்லாமே பயம். குக்கர் விசில் அடிப்பதற்குள் சமையலறையை விட்டு வெளியே வந்து நின்றுகொள்வாள். நின்றுகொண்டு பாடுவாள். சர்ச்சில் பாடும் கீர்த்தனைகளில் ஒன்றே ஒன்றுதான், எப்போதும் அதேதான். பயம் கூடக்கூடச் சத்தமும் கூடும். போத்தனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போகிற இரைச்சலையும் மீறி அது தெருமுனைவரை கேட்கும்.

ராகம் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. பாடகர் குழுவில் சேர வேண்டும் என்று ஒரு காலத்தில் ரொம்ப ஆசைப்பட்டாள். போதகரின் மனைவி வீட்டுக்கே வந்து, காபி குடித்து, பக்குவமாகப் பேசி, கிறிஸ்துமஸ் பலகாரம் சுடும் குழுவில் அவளைப் போட்டுவிட்டுப் போனார். அம்மா அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

எனக்குத்தான் மானம் போனது. காலேஜுக்குப் போன திமிரில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். கர்த்தர் கூடவே இருக்கிறார் என்று நாள் முழுக்கச் சொல்கிறாயே, பிறகு ஒரு பல்லிக்கு எதற்கு இந்தக் கூப்பாடு என்று. யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"பயமே இல்லாதவளுக்கு ஜெபம் எதுக்கு கண்ணு?" என்றாள்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று நான் எழுந்து போய்விட்டேன்.

பிறகு கொரோனா வந்தது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. தொற்றினால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்ச் பூட்டிக் கிடந்ததால் ஞாயிறு ஆராதனை என் செல்போனில்தான் நடந்தது. அம்மா அதற்கும் தலைக்கு முக்காடு போட்டு உட்காருவாள். ஜாக்கெட்டுக்கு வாங்கி வைத்திருந்த லைனிங் துணியில் மாஸ்க் தைத்துக் குவித்தாள். பால் பாக்கெட்டைக்கூடப் பாடிக்கொண்டேதான் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்குக் காய்ச்சல் வந்தது அந்தச் சமயத்தில்தான். லேத் பட்டறை வைத்திருந்த மனிதர். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனதும், அவர்கள் வீட்டு கேட்டைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே அக்கா மட்டும். மகன் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தான். நேற்றுவரை அங்கே உரிமையோடு கறிவேப்பிலை வாங்கிப் போனவர்கள் எல்லாம் அந்த வீட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பின்பக்கம் குட்டையான காம்பவுண்டுச் சுவர் உண்டு. அம்மா அதன்மேல் சாப்பாட்டைத் தூக்குப் போசியில் வைத்துவிட்டுத் தள்ளி வந்து நிற்பாள். அக்கா வந்து எடுத்துக்கொள்வார். ஒரு சாயங்காலம் போசியை எடுத்தவர் உள்ளே போகாமல் நின்றார்.

"ஏனுங்க்கா, கொஞ்ச நேரம் பாடுங்க. ஊட்டுக்குள்ள ஒருத்தியா இருக்கறதுக்கு என்னமோ பண்ணுதுங்க்கா."

அம்மாவைப் பாடச் சொல்லிக் கேட்ட முதல் மனுஷி அவர்தான். விடுவாளா? தினமும் கச்சேரி நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் சேரில் அம்மா, அந்தப் பக்கம் துவைக்கிற கல்லில் அக்கா.

ஒரு நாள் மதியம் வைத்த போசி சுவர்மேலேயே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை. போன் உள்ளே அடித்து அடித்து நின்றது. நான் மாநகராட்சி உதவி நம்பருக்குப் போட்டேன். காத்திருக்கச் சொல்லி அதில் ஒரு குரல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. அவர்களிடம் நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்று கொதித்துக்கொண்டு திரும்பினால், அம்மா சேர்மேல் ஏறிச் சுவரில் ஒரு காலைப் போட்டிருந்தாள். முகத்தில் இரண்டு மாஸ்க். நான் ஓடிப் போவதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள்.

இறங்கியதும் பாட ஆரம்பித்தாள். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக அவள் பாடி நான் கேட்டதில்லை. பின்கதவைத் தள்ளுகிற ஓசை. பாட்டு சமையலறைக்குள் போனது. ஹாலுக்குப் போனது. அங்கிருந்து பெட்ரூமுக்குப் போனது.

சட்டென்று நின்றுவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பாட்டு இன்னும் ஒரு வரி கேட்டால் போதும், இனி ஜென்மத்துக்கும் கேலி பண்ணமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணு, மூச்சு இருக்குது. காய்ச்சல்தான் கொதிக்குது. ஆம்புலன்ஸுக்குப் போன் போடு." உப்பு வாங்கி வரச் சொல்கிற சாதாரணக் குரல்.

அக்கா பிழைத்தார். அவர் கணவரும் வீடு திரும்பினார். அதற்குள் எங்கள் வீட்டு கேட்டிலும் தகரம் அடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தும்மல் வந்தால்கூட ஒரு கச்சேரி நடத்தி என் காதைப் புண்ணாக்கிவிட்டாள்.

அதன்பிறகு அம்மாவும் அக்காவும் ஒட்டி உறவாடிய காலத்தை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. ஆடி வெள்ளிக்கு மாரியம்மன் கோயில் கூழ் சுவர் தாண்டி வரும். கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுவர் தாண்டிப் போகும். அவரவர் சாமி அவரவரிடமே இருந்தது. பாட்டு மட்டும் பொதுவாகிவிட்டது. அக்காவுக்கு வார்த்தைகள் பாதிதான் தெரியும், மீதியை முனகலாலேயே ஒப்பேற்றுவார். ராகத்தை அம்மாவிடம் கற்றுக்கொண்டவர் வேறு எப்படிப் பாடுவார்?

போன வருஷம் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தேன். லிஃப்டில் ஏறியபோதுகூட அம்மா பாடவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும்போது பின்னால் பெஞ்சிலிருந்து அந்தக் கீர்த்தனை கேட்டது. அக்காதான். கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சமும் ராகத்தில் நிற்காமல், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி பாடிக்கொண்டிருந்தார். நர்ஸ் திரும்பி முறைத்தாள்.

அம்மா தலையைச் சற்றே தூக்கிப் பார்த்தாள்.

"அம்மணி பயந்துபோட்டு உக்காந்திருக்குது. நீ போயி பக்கத்துல இரு கண்ணு."

கதவு மூடியது. நான் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா உயிரோடு வெளியே வரவில்லை. அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அம்மா இல்லாத இந்த வீட்டில் மழைக்காலம் எனக்கு ஆகவே ஆகாது. வானம் இருட்டிக்கொண்டு முதல் இடி இடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் சேர்மேல் ஏறிச் சுவரைத் தாண்டிப் போய், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். எனக்குத் தெரிந்த பாதியை நானும் சத்தமாகப் பாடுவேன்.