மதிலோரம் ஒரு கறுத்த பட்டை

கறுப்பு வேட்டி

மலைக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் நின்ற ஐந்து பேரும் கேமராத் திரையில் வெள்ளை வேட்டியில் நின்றார்கள். மறுபடியும் எடுத்தேன், அதேதான். என் இரண்டு கேமராவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கை மாறி, பழையதை எடுத்துவிட்டேன். அதைத் தூக்கிப்போட மனமில்லாமல், சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியை மாற்றி, அகச்சிவப்பு ஒளியை மட்டும் பிடிக்கும்படி செய்திருந்தேன். படம் எடுக்கும் உங்களிலும் சிலர் இதைச் செய்து அவதிப்பட்டிருப்பீர்கள். அந்த ஒளியில் இலை வெளுக்கும், வானம் இருளும், சாயத்துணி இஷ்டப்படி நிறம் மாறும். மணவாள நகரில் என் கடை வாசலில் நின்றபடி இதையெல்லாம் விளக்கினேன். குருசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மால போடாதவங்க மாதிரி கீறோம் சாமி. சாதா கேமராவுல எடுங்க."

நிச்சயதார்த்தம்

தோலும் அந்தக் கேமராவில் பால்போல வழுவழுப்பாகிவிடும். நிச்சயதார்த்தப் பெண் ஒருத்தியை வேப்பமரத்தடியில் சும்மா ஒன்று எடுத்தேன். அவள் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கல்யாணம் முழுக்க இதிலேயே எடுக்க முடியுமா என்று கேட்டார். பெண் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "மாப்ள ஊட்ல படத்துல என்னைத் தேடுவாங்கம்மா."

தணிகாசலத்தின் நெல்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தணிகாசலத்தின் வயலை ஒட்டி ஒரு தொழிற்சாலையின் மதில். நிலத்தைத் தொழிற்சாலைக்காரர்களே விலைக்குக் கேட்கிறார்கள். மண் கெட்டுவிட்டது, விற்றுவிடலாம் என்கிறார் மனைவி. பயிர் நன்றாகத்தான் இருக்கிறது என்று இவர். என் கடையில் மாட்டியிருந்த வெள்ளை வயல் படத்தைப் பார்த்தவர், தன் வயலையும் அப்படி எடுத்துக் கூடத்தில் மாட்ட வேண்டும், அவள் தினமும் பார்க்கட்டும் என்று அழைத்துப் போனார்.

கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. படத்தில் வயல் வெளுத்திருந்தது. மதிலோரம் மட்டும் நீளமாக ஒரு கறுத்த பட்டை. சீக்குப் பிடித்த பயிர், நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே இதில் மங்கிவிடும். அதைச் சொல்லாமல், தண்ணீர் தேங்கினாலும் கறுப்பாகத்தான் விழும் என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவர் திரையையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி எல்லா எடத்துலயுந்தான் நிக்குது நைனா."

இந்தக் கேமராவில் எடுத்த படம் என் கடைச் சுவரைத் தவிர வேறு எந்தச் சுவரிலும் இன்றுவரை ஏறவில்லை. தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு மதிலோரம் இறங்கினார். ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கி, வேரை அலசிப் பார்த்தார்; கறுத்திருந்தது. பிறகு அதை அதே இடத்தில் வைத்து, சுற்றிலும் சேற்றைக் குதிகாலால் அழுத்தினார்.