உப்புப் பார்க்காத சாம்பார்

கீழ்வேளூர் சாலையில் காதர் மைதீன் டீக்கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருஷம் சவூதியில் சமையல்கட்டில் நின்றுவிட்டு வந்தவர். வாய் சும்மா இருக்காது. அவரைப் பற்றி எழுத எனக்குக் காரணம் இருக்கிறது.

நான் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். போன வருஷக் கடைசியில் எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டரம்மா சொன்னார்: "உங்க ரத்தத்துல ஒரு கெட்ட புரதம், பெருகு பெருகுன்னு அணுக்களை விரட்டிக்கிட்டே இருக்கு. இந்த மாத்திரை அதைக் குறிபார்த்து அடக்கும். நல்ல அணுவை அவ்வளவா தொடாது. தினமும் சாப்பிட்டதும் பெரிய டம்ளர் தண்ணியோட போடுங்க. விட்டு விட்டுப் போட்டா, அப்புறம் மாத்திரைக்கு நோய் அடங்காது."

அறுப்புக் காலத்தில் வயலோரமே படுக்கை. மிஷின் சூட்டில் மாத்திரை கெட்டுவிடும் என்று அட்டையைப் பாய் கடை டப்பாவில் வைத்தேன். காலையில் அங்கே நாலு இட்லி, மாத்திரை, பிறகு வேலை. வெறும் வயிற்றில் போட்டால் குடலே வெளியே வரும். ராத்திரி போட்டுப் படுத்தாலும் அப்படித்தான்.

தாளடி நெல் அறுப்பு நடக்கும்போதே நோன்பு மாதம் வந்தது. பகலில் கடை சாத்திக் கிடந்தது. பக்கத்தில் வேறு கடை இல்லை. பட்டினி கிடக்கிற மனுஷரிடம் போய் இட்லி கேட்பதா? கேட்கவில்லை. இரண்டு நாள் மாத்திரையும் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை வரப்போரம் அவர் வண்டி வந்து நின்றது. கையில் தூக்குவாளி, சட்டைப் பையில் மாத்திரை அட்டை.

"ஏன்யா குணசேகரா, ரெண்டு நாளா இதுல ஒண்ணுகூட குறையலயே?"

"நீங்க நோன்பு, பாய். உங்க முன்னாடி எப்படித் திங்கிறது?"

"நோன்பு எனக்குய்யா. உனக்கா? வெட்கத்துக்கு எந்த டாக்டரும் மாத்திரை தரமாட்டாங்க. தின்னு. சாம்பார்ல உப்பு பாக்கல, நாக்குல வைக்கக் கூடாது. எப்படி இருக்குன்னு சொல்லு."

உப்பை அள்ளிக் கொட்டியிருந்தார். "சரியா இருக்கு, பாய்" என்றேன்.

அந்த மாதம் முழுக்கத் தூக்கு வந்தது. ஒரு நாள் உப்பே இருக்காது, மறுநாள் இரட்டிப்பு. தினமும் "சரியா இருக்கு" என்றேன். நான் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டினால்தான் வண்டியைக் கிளப்புவார்.

பெருநாள் முடிந்த வாரம் ரத்தப் பரிசோதனை. இரண்டு நாள் விட்டதையும் சொன்னேன். டாக்டரம்மா முறைத்தார், பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்து, "நோய் நல்லா இறங்கியிருக்கு. இனி ஒரு நாளும் விடாதீங்க" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாய் இட்லித் தட்டை என் முன்னால் வைத்தார்.

"இன்னிக்கு உப்பு பாத்துட்டேன். அந்த மாசம் மிச்ச சாம்பாரை தினமும் சாயங்காலம் நோன்பு தொறந்ததும் நான்தான்யா ஊத்திக்கிட்டேன். மாசம் பூரா பொய் சொல்லியிருக்க."

"உப்பு எப்படி இருந்தா என்ன, பாய்? மாத்திரை உள்ள நின்னுச்சே."